எந்தச் சபைக்கும் சொந்தமல்ல

ஆல்டர் ஃபோர்க் ஊரில் லாரூ இப்சன் பார்த்த வேலையில் பாதி, வங்கியை நடத்துவது. மறுபாதி, அந்த வங்கி மார்மன் சபையுடையது அல்ல என்று ஊராருக்குச் சொல்லிக்கொண்டே இருப்பது. முதல் பாதிக்கு மட்டும்தான் அவளுக்குச் சம்பளம்.

வங்கியின் பெயர் பரிசுத்தவான்கள் சேமிப்பு வங்கி. பெயரே இப்படி என்றால் ஜனங்கள் என்ன நினைப்பார்கள்? போதாக்குறைக்கு வாசல் வளைவில் சபையின் பழைய சின்னமான தேன்கூடு, கல்லில் செதுக்கியது. உள்ளே நுழைந்தால் எதிர்ச் சுவர்ப் படத்தில் சபையின் பழைய தலைவர் ஒருவர் தாடியோடு ஆளுயரத்துக்கு நின்று, பணம் எடுக்க வந்தவர்களைக் கொஞ்சம் வருத்தத்தோடு பார்த்துக்கொண்டிருப்பார். வங்கியைத் தொடங்கியது சபைதான். லாரூ பிறப்பதற்கு முன்பே அதைச் சபை விற்றுவிட்டது. வாங்கியவர் இன்னொருவருக்கு விற்று, அவரும் கைமாற்றிவிட்டு, இப்போது அது ஒஹாயோவில் உள்ள ஒரு கம்பெனியின் கையில் இருந்தது. அந்த முதலாளிமார் எந்தக் கோயிலுக்குப் போகிறவர்கள் என்று லாரூவுக்குத் தெரியாது. கிறிஸ்துமஸுக்கு அவர்கள் அனுப்பும் விஸ்கி பாட்டிலைப் பார்த்தால் மதுவும் காபியும் தொடாத மார்மன்கள் இல்லை என்பது மட்டும் நிச்சயம்.

ஆனால் ஊரில் யாரும் அந்த பாட்டிலைப் பார்த்ததில்லை. அதனால் சிலர் சபைக்குக் கொடுக்கவேண்டிய தசமபாக உறையைக் கொண்டுவந்து கவுண்டரில் நீட்டினார்கள். புதிதாகக் கல்யாணமான ஒரு ஜோடி, பாதுகாப்புப் பெட்டி எடுக்க பிஷப்பிடம் சிபாரிசு வாங்கி வரவேண்டுமா என்று கேட்டது. வான்கோழிப் பண்ணைக்காரர் ஒருவர் கடன் கேட்டு வந்தபோது, தன் குடும்பமே அதற்காக உபவாசம் இருக்கிறது என்று சொல்லிவிட்டு, லாரூவும் சேர்ந்து இருந்தால் நல்லது என்றார்.

இதில் பெரிய வேடிக்கை, லாரூ சபைப் பக்கம் தலைவைத்துப் பல வருஷம் ஆகியிருந்தது. புருஷனை விவாகரத்து செய்தபோது சபைப் பெண்கள் அலை அலையாக வந்து புத்தி சொன்னார்கள். ஒவ்வொருத்தியும் ஒரு தட்டு அடுப்பில் சுட்ட உருளைக்கிழங்கும் கொண்டுவந்தாள். உருளைக்கிழங்கைத் தின்று முடித்தவள் சபைக்குப் போவதை நிறுத்திவிட்டாள். சபையின் வங்கிக்குச் சபைக்கு வராத ஒருத்தி எப்படி மேனேஜராக இருக்க முடியும் என்று ஊர் ஒரு நிமிஷம் யோசித்துப் பார்த்தது. யாருக்கும் சந்தேகம் வரக்கூடாது என்றே அவளை வராமல் இருக்கச் சொல்லியிருக்கிறார்கள் என்று அதற்கும் விடை கண்டுபிடித்துக்கொண்டது.

விசுவாசிகள்தான் இப்படி என்றால், மற்றவர்கள் அதற்கு மேல். வங்கிக்கு எதிரே காபிக்கடை வைத்திருந்த டூயி பாப்பாஸின் தாத்தா கிரேக்க நாட்டிலிருந்து நிலக்கரிச் சுரங்க வேலைக்கு வந்தவர். ஊரில் வாயில் வைக்கும்படியான காபி டூயி கடையில் மட்டும்தான் கிடைக்கும் என்பதால் லாரூ தினமும் காலையில் அங்கே போவாள். டூயி கணக்கு வைத்திருந்தது மலைக்கு அந்தப் பக்கம் பிரைஸ் ஊரில். பனிக்காலத்தில் கணவாய் மூடிவிட்டால் வாரக்கணக்கில் கடைப் பணத்தை மாவு டப்பாவில் வைத்திருப்பார்.

"எதிர்ல இவ்வளவு பெரிய பாங்க் இருக்கு. மாவு டப்பாவுல எதுக்கு வைக்கறீங்க?" என்று லாரூ கேட்பாள்.

"எலி தின்னா எலியோட போச்சு. உங்க பாங்க்ல போட்டா சால்ட் லேக்ல சபைக்காரன் என் பணத்துல கோபுரம் கட்டுவான்."

"டூயி, அது ஒஹாயோ கம்பெனி."

"ஆமா, ஒஹாயோ. சபை ஒரு காலத்துல எங்க இருந்துது? ஒஹாயோல!"

அது வாஸ்தவம்தான். சபை தொடக்க காலத்தில் ஒஹாயோவில்தான் இருந்தது. லாரூ காபியைக் குடித்துவிட்டு எழுந்து போனாள்.

அந்த வசந்த காலத்தில் ஒஹாயோவிலிருந்து பிராண்ட் என்ற அதிகாரி போன் செய்தார். வங்கி யாருடையது என்பதில் வாடிக்கையாளர்கள் குழம்புகிறார்கள், நாளைக்கு யாராவது வழக்குப் போட்டால் வம்பு என்று வக்கீல்கள் சொல்கிறார்களாம். வாசலில் ஒரு அறிவிப்புப் பலகை வைக்கவேண்டும்.

"சார், அதுக்கு பாங்க் பேரையே மாத்திடலாமே. அந்தப் படத்தையும் கழட்டிடலாம்" என்றாள் லாரூ. இத்தனை வருஷமாக அவள் காத்திருந்த சந்தர்ப்பம் அது.

"பேரை மாத்தறதா? என்னம்மா இது! அந்தப் பேருக்காகத்தானே நாங்க வாங்கினோம். படமும் இருக்கட்டும், ஜனங்களுக்கு அது ஒரு நம்பிக்கை. பலகை மட்டும் வச்சிடுங்க."

பலகை வந்தது. பெரிய எழுத்தில், 'இந்த வங்கி எந்த மதச் சபைக்கும் சொந்தமல்ல' என்று இருந்தது. கண்ணாடிக் கதவில் எல்லார் கண்ணிலும் படும்படி லாரூவே அதை மாட்டினாள். இனிமேல் தன் வாய்க்கு ஓய்வு என்று அவளுக்கு மனசுக்குள் ஒரு நிம்மதி.

முதலில் வந்த கிழவர் பலகையை முழுசாகப் படித்தார். தொப்பியைக் கழற்றினார். கவுண்டருக்கு வந்து குரலைத் தாழ்த்திக்கொண்டு, "புரியுது சகோதரி. உலகத்தார் கண்ணுக்காக எழுதி வச்சிருக்கீங்க. நாங்க வெளியில பேச மாட்டோம்" என்றார். அவருக்குப் பின்னால் நின்ற இரண்டு பேர் தலையாட்டினார்கள். சபை தன் பெருமையை இப்படித் தாழ்மையாக மறைத்துக்கொள்வதைப் பார்த்து நெகிழ்ந்துபோய், அதுவரை வேறு வங்கியில் போட்டிருந்தவர்கள்கூடப் பணத்தை இங்கே மாற்றினார்கள். பலகை நன்றாக வேலை செய்கிறது என்று ஒஹாயோ பாராட்டியது.

டூயி தன் கடை வாசலில் நின்று பலகையை வெகுநேரம் பார்த்தார்.

"இல்லாத ஒண்ணை இல்லைன்னு எதுக்கு எழுதணும்? என் கடையில 'இது சபைக்குச் சொந்தமல்ல'ன்னு பலகை வச்சிருக்கேனா?" என்று கேட்டார்.

லாரூவுக்குக் கோபம் வந்துவிட்டது. "டூயி, ஒரு விஷயம் சொல்றேன். நம்ம ஊர் சபைப் பணத்தை பிஷப் எந்த பாங்க்ல போடறார் தெரியுமா? என் பாங்க்ல இல்ல. தபாலாபீஸ் பக்கத்துல இருக்கே அந்தச் சின்ன பாங்க், அதுல. ஞாயித்துக்கிழமை மத்தியானம் பட்டப்பகல்ல பையைக் கொண்டுபோய், சுவர்ல பணம் போடறதுக்குன்னு வச்சிருக்கற துவாரத்துல போட்டுட்டுப் போறார். அங்க வண்டி நிறுத்த இடம் இருக்காம். அவ்வளவுதான் காரணம்."

டூயி துடைத்துக்கொண்டிருந்த கோப்பையைக் கீழே வைத்தார். முகத்தில் ஒரு மரியாதை தெரிந்தது. "அடேயப்பா, என்ன மூளை! சொந்த பாங்க்ல போட்டா கண்டுபிடிச்சிடுவாங்கன்னு அங்க போடறானா?"

லாரூ கடைசியாக பிஷப்பிடமே போனாள். பிஷப் ரூலன் டட்டில் வாரநாட்களில் கால்நடைத் தீவனக் கடை நடத்துகிறவர். ஞாயிற்றுக்கிழமைகளில் சபையை நடத்துவது சம்பளமில்லாத சேவை. தீவன மூட்டைகளுக்கு நடுவே நின்று அவள் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டார்.

"நீங்க மேடையில ஒரு வார்த்தை சொன்னா போதும், பிஷப். பாங்க் நம்மளது இல்லைன்னு."

"சொல்லக் கூடாதும்மா."

"ஏன்?"

"சபை எந்த பாங்க் விஷயத்துலயும் தலையிடறதில்ல. தலையிடறதில்லைன்னு சொன்னாலே தலையிட்ட மாதிரி ஆயிடும்" என்றார். முகத்தில் சிரிப்பே இல்லை. நல்ல மனிதர், பொய் சொல்லத் தெரியாதவர். அவரிடம் கோபப்படவும் முடியவில்லை.

இப்படி இருக்கும்போதுதான் தோரா பாக்லி வந்தாள். கணவனை இழந்தவள், எண்பதை நெருங்கிக்கொண்டிருந்தாள். வடக்குத் தெருவில் தனியாக இருந்துகொண்டு ராஸ்பெரி தோட்டம் வைத்திருந்தாள். கையில் ஒரு ஜாம் பாட்டிலோடு வந்து லாரூவின் மேஜைக்கு எதிரே உட்கார்ந்து, பாட்டிலை மேஜை நடுவில் வைத்தாள்.

"எம் பையன் ஓரினை நீ கூப்பிடணும், லாரூ."

ஓரின் கதை ஊருக்கே தெரியும். சபைப் பாடகர்குழுவை நடத்தியவரின் மனைவியோடு ஓடிப்போனவன். சபை அவனை விலக்கியது. அந்தப் பெண்ணும் இரண்டு வருஷத்தில் அவனை விட்டுப் போய்விட்டாள். இப்போது நெவாடாவில் எல்கோ ஊரில் சூதாட்ட விடுதியில் சீட்டுக்கட்டைக் கலைத்துப் போடும் வேலை செய்கிறான். தாயார் வருஷா வருஷம் கூப்பிடுவாள். சபையே கூப்பிட்டால்தான் அந்த ஊர் எல்லையை மிதிப்பேன் என்று அவன் சொல்லிவிட்டான். சபையோ, அவனாக வந்து கேட்கட்டும் என்றது. மூன்று பிஷப்புகள் மாறியும் இரண்டு பக்கமும் அசையவில்லை.

"நான் கூப்பிட்டா எப்படி? நான் சபை இல்லையே" என்றாள் லாரூ.

"பாங்க்ல இருந்து கூப்பிட்டா சபை கூப்பிட்ட மாதிரிதானே?"

"இல்ல, தோரா. கதவுல போட்டிருக்கே, படிக்கலையா?"

"படிச்சேன். நல்லா பெரிசா எழுதியிருக்கு. கண்ணாடி இல்லாமலே படிக்க முடிஞ்சுது."

அடுத்த வாரமும் வந்தாள். அதற்கடுத்த வாரமும். ஒவ்வொரு தடவையும் ஒரு ஜாம் பாட்டில். எதையும் வற்புறுத்த மாட்டாள். உட்கார்ந்து, "பனி உருகிடுச்சு. கணவாய் திறந்தாச்சு. எல்கோலருந்து ஒரு நாள்ல வந்துடலாம்" என்பாள். பிறகு எழுந்து போவாள். அவள் வாசல் படியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இறங்குவதை லாரூ கண்ணாடி வழியாகப் பார்ப்பாள். இறங்கி முடிக்கிறவரை வேறு வேலை ஓடாது.

ஒரு நாள் தாங்க முடியாமல் மறுபடி தீவனக் கடைக்குப் போனாள். பிஷப் கையைக் காட்டி நிறுத்தினார். "கடையில தீவனம் மட்டும்தான் பேசுவேன். சபை ஆள் விஷயம்னா ஞாயித்துக்கிழமை ஆபீசுக்கு வாம்மா."

அந்த ஞாயிற்றுக்கிழமை லாரூ பல வருஷத்துக்குப் பிறகு சபைக் கட்டடத்துக்குள் நுழைந்தாள். கூடத்தில் நின்றிருந்த அத்தனை பேரும் பேச்சை நிறுத்தினார்கள். அவள் யாரையும் பார்க்காமல் நேராக பிஷப்பின் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். வங்கி மேனேஜர் சபைக்குக் கணக்கு ஒப்பிக்கிறாள் என்பது அவள் வெளியே வருவதற்குள் முடிவாகிவிட்டது.

உள்ளே நடந்தது இவ்வளவுதான்.

"ஓரின் வந்து பின் பெஞ்சுல உக்காந்தா யாராவது எழுந்து போகச் சொல்வீங்களா, பிஷப்?"

"யார் சொல்வாங்க? கதவு எல்லாருக்கும் திறந்துதான் இருக்கு."

"அது அவருக்குத் தெரியுமா?"

"கேட்டா சொல்வோம்."

"நீங்களே சொன்னா என்ன?"

பிஷப் தன் பெரிய கைகளைப் பார்த்துக்கொண்டார். அவரும் ஓரினும் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள். "அவன் ஒருதரம் என்னைத் திட்டிட்டு போனை வச்சான். எனக்கு மறுபடி கூப்பிட பயமா இருக்கு" என்றார் கடைசியில். "நீ கூப்பிட்டா நான் வேண்டாம்னு சொல்ல மாட்டேன். ஆனா நான் சொல்லி நீ கூப்பிட்டதா இருக்கக் கூடாது."

திங்கட்கிழமை காலை லாரூ வங்கியிலிருந்தே எல்கோவுக்கு போன் செய்தாள். விடுதியில் நாலு பேர் கை மாறி ஓரின் வந்தான். பின்னால் காசு இயந்திரங்கள் கலகலத்தன.

பழக்க தோஷத்தில் அவள் வாயில் வந்தது, "வணக்கம், ஆல்டர் ஃபோர்க் பரிசுத்தவான்கள் சேமிப்பு வங்கியிலிருந்து பேசறேன்."

மறுமுனையில் தொண்டையைச் செருமுவது கேட்டது.

"கடைசியில கூப்பிட்டாங்க" என்றான் ஓரின். "நேரா கூப்பிட மாட்டாங்கன்னு தெரியும். இந்த மாதிரி ஏதாவது வழியாத்தான் வருவாங்கன்னு எதிர்பார்த்தேன்."

லாரூ வாயைத் திறந்தாள். பண்ணைக்காரரிடமும் கிழவரிடமும் காபிக்கடையிலும் கல்யாண வீட்டிலும் ஓராயிரம் தடவை சொன்ன வாக்கியம் நாக்கு நுனியில் தயாராக நின்றது. எதிரே கண்ணாடிக் கதவில் பலகையின் முதுகு தெரிந்தது. அதற்கு அப்பால் வாசல் படியில், ஜாம் பாட்டிலை மார்போடு அணைத்துக்கொண்டு தோரா ஏறிக்கொண்டிருந்தாள்.

"உங்கம்மா காத்துட்டு இருக்காங்க, ஓரின்" என்றாள். "வாங்க."

அடுத்த மாதத்து முதல் ஞாயிறு, உபவாச ஞாயிறு. மேடைக்கு யார் வேண்டுமானாலும் போய்த் தன் விசுவாசத்தைச் சாட்சியாகச் சொல்லலாம். தோரா கெஞ்சிக் கூப்பிட்டதால் லாரூவும் போய் உட்கார்ந்திருந்தாள். பின் பெஞ்சில், இரவல் வாங்கின டையோடு ஓரின் இருந்தான்; முடி நரைத்துப்போய், தந்தையின் சாயல் வந்திருந்தது. சபை விலக்கியவர்கள் எடுக்கக் கூடாத அப்பமும் தண்ணீரும் வந்தபோது, எதையும் எடுக்காமல் தட்டை அடுத்தவருக்குக் கடத்தினான். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அதாவது, எல்லாரும் திரும்பிப் பார்க்காமல் இருப்பதற்கு மிகவும் கஷ்டப்பட்டார்கள்.

தோரா மேடை ஏறினாள். ஒலிபெருக்கியை அவள் உயரத்துக்கு பிஷப்பே இறக்கிவிட்டார்.

"எம் பையன் வந்திருக்கான்" என்றாள். "இத்தனை வருஷமா நான் கூப்பிட்டேன், வரல. நம்ம பரிசுத்தவான் பாங்க்ல இருந்து ஒரு போன் போச்சு, வந்துட்டான். தேவன் எந்த வழியா வேலை செய்வார்னு யாருக்குத் தெரியும்?"

சபை முழுக்க ஒரு பெருமூச்சு ஓடியது. எல்லார் கண்ணும் லாரூ மேல் திரும்பின. சிலர் கண்ணில் ஈரம். எழுந்து நின்று மறுக்கலாம் என்று அவள் நினைத்தது உண்மை. முழங்கால் பாதி எழுந்துகூட விட்டது. பக்கத்திலிருந்தவள், சாட்சி சொல்லத்தான் எழுகிறாள் என்று வழிவிட்டு நகர்ந்தாள். லாரூ சட்டென்று உட்கார்ந்துவிட்டாள்.

கூட்டத்துக்குப் பிறகு, உபவாசத்தை முடிக்கத் தோரா வீட்டில் சாப்பாடு. ஓரின் கொல்லையில் சாய்ந்து கிடந்த வேலியை நிமிர்த்திக்கொண்டிருந்தான். கூடவே, கூப்பிடாமலே வந்த பிஷப் டட்டில் கோட்டைக் கழற்றிப் போட்டுவிட்டுச் சுத்தியலோடு நின்றார். ஆணி அடிக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

சமையலறையில் லாரூ மெதுவாக ஆரம்பித்தாள். "தோரா, எனக்கு மனசு உறுத்துது. அந்த பாங்க் நிஜமாவே சபையோடது இல்ல."

"தெரியும்" என்றாள் தோரா, அடுப்பிலிருந்து பன்றித் தொடையை எடுத்துக்கொண்டே.

"இல்ல, நீங்களும் எல்லாரையும் மாதிரி..."

"எங்க வீட்டுக்காரர் அந்த பாங்க்ல காசாளரா இருந்தவர். சபை வித்த அன்னிக்கு வீட்டுக்கு வந்து இந்த நாற்காலியிலதான் உக்காந்து அழுதார். எனக்குத் தெரியாம இருக்குமா?"

லாரூ கையிலிருந்த தட்டுகளை மேஜையில் வைத்தாள். "அப்ப வாரா வாரம் வந்து என்னை..."

"எனக்குத் தெரியும்மா. ஓரினுக்குத் தெரியாதே! அப்ப அவன் கைக்குழந்தை. அப்பறம் ஊரோட சேர்ந்து அவனும் சபை பாங்க்னுதான் நினைச்சு வளந்தான். சரி, அதுவாவது ஒரு உபயோகத்துக்கு வரட்டுமேன்னு பார்த்தேன்."

"மேடையில நின்னு பொய் சொன்னீங்களே!"

"எங்க சொன்னேன்? பாங்க்ல இருந்து போன் போகலையா? அவன் வரலையா?" கிழவி கத்தியை எடுத்துக் கறியை நிதானமாக நறுக்க ஆரம்பித்தாள். "உன்கிட்ட முதல்லயே சொல்லியிருந்தா நீ கூப்பிட்டிருக்க மாட்ட. நீ ரொம்ப நேர்மையானவ. அதுதான் உன்கிட்ட ஒரு கஷ்டம்."

தனக்குக் கோபம்தான் வரும் என்று லாரூ எதிர்பார்த்தாள். வந்தது சிரிப்பு. அடக்கப் பார்த்து, முடியாமல், கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். ஆனாலும் அவள் குணம் அவளை விடவில்லை. சாப்பாட்டு மேஜையில் ஓரின் கையைக் கழுவிக்கொண்டு எதிரே வந்து உட்கார்ந்ததும் சொல்லியேவிட்டாள்.

"ஓரின், நீங்க தப்பா எடுத்துக்கக் கூடாது. அன்னிக்கு நான் கூப்பிட்டது நானாத்தான். சபை சொல்லி இல்ல. பாங்க்குக்கும் சபைக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. வேணும்னா பிஷப்பையே கேளுங்க."

ஓரின் பிஷப்பைப் பார்த்தான். வங்கிப் பேச்சு என்றதும் பிஷப் டட்டில் பட்டாணிக் கிண்ணத்துக்குள் குனிந்துகொண்டார். ஓரின் அந்தக் குனிந்த தலையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். சீட்டாட்ட மேஜையில் எத்தனையோ முகங்களைப் படித்தவன்.

"சரிங்க, சம்பந்தம் இல்ல" என்றான் மெல்ல. "நீங்க சொல்லவேண்டியதைச் சொல்லிட்டீங்க, நானும் கேட்டுக்கிட்டேன். ரூலன், அந்த ரொட்டியை இப்படித் தள்ளுடா."

பிஷப் ரொட்டித் தட்டை அவன் பக்கம் நகர்த்தினார். ஓரின் அன்று சாயங்காலம் எல்கோவுக்குத் திரும்பிப் போனான். மாதத்துக்கு ஒருமுறை வர ஆரம்பித்தான். மறுபடி ஞானஸ்நானம் எடுக்கவில்லை, எடுக்கமாட்டேன் என்றும் சொல்லவில்லை. வந்தால் பின் பெஞ்சில் உட்காருவான், அம்மாவின் வேலியைப் பார்ப்பான், தீவனக் கடையில் ஒரு மணி நேரம் பேசுவான். இந்தச் செய்தி பள்ளத்தாக்கு முழுவதும் பரவியது. கோடை முடிவதற்குள், வழிதவறிப்போன பிள்ளைகள் உள்ள ஏழெட்டுத் தாய்மார்கள் ஆளுக்கொரு போன் நம்பரைச் சீட்டில் எழுதிக்கொண்டு லாரூ இப்சனின் மேஜைக்கு எதிரே வந்து உட்கார்ந்தார்கள்.

அவள் அவர்கள் ஒவ்வொருவரிடமும் வங்கி சபையுடையது அல்ல என்று பொறுமையாக விளக்கிச் சொன்னாள். பிறகு சீட்டை வாங்கிக்கொண்டு, போனை எடுத்தாள்.